ஒற்றைக்குச் சயாம் அரிசி, இரட்டைக்குப் புழுங்கல்

1905 டிசம்பர் 5. கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையின் சாப்பாட்டுக் கொட்டகையில் நோயாளிகள் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்தார்கள். இடது கோடியிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போனார்கள். ஒற்றைப்படை எண் விழுந்தவர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்கக் கட்டடத்துக்கும், இரட்டைப்படை விழுந்தவர்கள் மேற்குப் பக்கக் கட்டடத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். இரண்டும் ஒரே மாதிரிக் கட்டடங்கள். இரு பக்கமும் ஒரே சாப்பாடுதான், அரிசியைத் தவிர. கிழக்கே வழக்கம்போல் சயாமிலிருந்து வந்த, தீட்டி வெளுத்த பச்சரிசி. மேற்கே இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி.

அடுத்த ஓராண்டில் புதிதாக வந்து சேர்ந்தவர்களையும் கூட்டிக் கிழக்கில் 120 பேர், மேற்கில் 123 பேர் இருந்தார்கள். கிழக்கில் முப்பதுக்கும் மேற்பட்டோருக்குப் பெரிபெரி வந்தது. 18 பேர் அதில் இறந்துபோனார்கள். மேற்கில் நோய் கண்டவர்கள் இரண்டே பேர். அந்த இருவரும் உள்ளே வரும்போதே நோயோடு வந்தவர்கள். சாவு ஒன்றுகூட இல்லை.

இந்தச் சோதனையைச் செய்தவர் கோலாலம்பூரில் பணியாற்றிய ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் பிளெட்சர். 1907-ல் லண்டனின் லான்செட் மருத்துவ இதழில் இதை வெளியிட்டார். பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் மருத்துவமனை 1911-ல் வருவதற்கு முந்தைய காலம் அது.

இது எனக்கு நினைவுக்கு வந்ததற்குக் காரணம் அக்கா மகள். படிவம் நான்கில் படிக்கிறாள். சனிக்கிழமையானால் செந்தூலில் உள்ள எங்கள் வீட்டுக்கு உயிரியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். முதல் அத்தியாயத்தில் அறிவியல் ஆய்வு. நான்காம் அத்தியாயத்தில் உயிரணுவின் வேதியியல். முதலாவதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறாள்: சிக்கலை அடையாளம் காண், கருதுகோள் அமை, மாறிகளைத் தீர்மானி, சோதனை செய், முடிவு சொல். தமிழ்ப்பள்ளியில் ‘தற்சார்பு மாறி’, ‘சார்பு மாறி’ என்று படித்தவள், இப்போது மாறியெல்லாம் மலாயில் ‘பெம்போலே உபா’ ஆகிவிட்டது. மொழி மாறியது, மனப்பாடம் மாறவில்லை. நான்காம் அத்தியாயத்தைப் பற்றிக் கேட்டால், “அது வேற சாப்டர் சித்தி, கெமிஸ்ட்ரி மாதிரி இருக்கும்” என்கிறாள்.

இரண்டும் வேறு வேறு என்ற எண்ணம் எப்படியோ பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது. இந்த ஊரிலேயே, நம் சோற்றுப் பானையை வைத்தே, இரண்டும் ஒன்றாக நடந்த கதை இருக்கிறது. அது புத்தகத்தில் உள்ள ஐந்து படிகளின் வரிசையில் நடக்கவில்லை என்பதுதான் அதன் அழகு.

பெரிபெரி என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. முதலில் கால் மரத்துப்போகும், பிறகு நடை தளரும். சிலருக்கு உடம்பு வற்றிக் கைகால் விழும். சிலருக்கு நீர் கோத்துக் கால் வீங்கி, மூச்சு முட்டி, இதயம் நின்றுபோகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நீராவி அரிசி ஆலைகள் பெருகியபோது இந்த நோயும் ஆசியா முழுவதும் பெருகியது. மலாய் மாநிலங்களின் ஈய லம்பங்களில் (சுரங்கங்களில்) வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். சிறைகள், ஆஸ்பத்திரிகள், படை முகாம்கள் என்று யாரோ ஒருவர் மொத்தமாக அரிசி வாங்கிப் பலருக்குப் பொங்கிப்போட்ட இடங்களில் எல்லாம் அது நுழைந்தது. அது கிருமிகளின் காலம். பாஸ்டரும் கோக்கும் நோய்க்குக் காரணம் கிருமி என்று நிலைநாட்டியிருந்த சூட்டில், பெரிபெரியும் தொற்று நோய்தான் என்று நம்பியவர்களே அதிகம். ஒரே கட்டடத்தில் இருப்பவர்களுக்கு அடுத்தடுத்து வருகிறதே, வேறென்னவாக இருக்கும்?

இங்கேதான் நம்மாட்கள் கதைக்குள் வருகிறார்கள். நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லெனர்ட் பிராடன் ஒன்றைக் கவனித்தார். சீனர்களுக்கு இந்த நோய் மிகுதி. வீட்டில் அன்றன்றைக்கு நெல் குத்திச் சமைக்கும் மலாய்க்காரர்களுக்கு அரிது. தமிழர்களுக்கும் அரிது. மூவரும் இருப்பது ஒரே நாட்டில், ஒரே வெயிலில். மூவருக்கும் முக்கிய உணவு சோறுதான். ஆனால் தமிழர் உண்டது புழுங்கலரிசி. பொங்கலுக்கும் படையலுக்கும் பச்சரிசி. அன்றாடச் சோற்றுக்குப் புழுங்கல். கடல் கடந்து பால்மரம் வெட்ட வந்தும் இந்தப் பழக்கம் போகவில்லை.

உற்றறிதல் என்று தமிழ்ப்பள்ளிப் புத்தகத்தில் வருமே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் உற்றறிதலோடு நின்றால் இது ஒரு சந்தேகம் மட்டுமே. தமிழர்கள் அரிசியில் மட்டுமா வேறுபட்டார்கள்? பருப்பு தின்றார்கள், வேறு கறி வைத்தார்கள். தொழிலாளர்கள் கூட்டமாகத் தங்கும் நெருக்கமான கொங்சி வீடுகளில் இல்லாமல் தோட்டத்து லயங்களில் இருந்தார்கள். அல்லது தமிழ் உடம்புக்கே இந்த நோய் ஒட்டாதோ என்றுகூட ஒருவர் வாதாடலாம். இத்தனை வேறுபாடும் ஒன்றாகக் கட்டிக் கிடக்கும்போது, அதிலிருந்து அரிசியை மட்டும் உருவி எடுத்து ‘இதுதான்’ என்று சொல்ல வழியில்லை.

பிராடன் இன்னொன்றும் செய்தார். காரணத்தையும் சொன்னார். அது தவறு. தீட்டிய பச்சரிசி மூட்டையில் நாட்பட்டால் பூஞ்சை பிடித்து நஞ்சு உண்டாகிறது, அந்த நஞ்சே பெரிபெரி என்பது அவர் கருத்து. அவரைக் குறை சொல்ல முடியாது, அந்தக் காலத்தில் எல்லாருமே இந்த இடத்தில்தான் இடறினார்கள். 1880-களில் ஜப்பானியக் கடற்படையில் தகாகி கனெஹிரோ என்ற மருத்துவர் மாலுமிகளின் சாப்பாட்டை மாற்றியே பெரிபெரியை ஒழித்தார். ஆனால் குறை புரதத்தில் என்று நினைத்தார். ஜாவாவின் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மன், தன் ஆய்வுக்கூடக் கோழிகள் கால் விளங்காமல் விழுந்ததைப் பார்த்தார். படை மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்றவரை விழுந்தன; புதிதாக வந்த சமையல்காரர், படைவீரர்களின் சோற்றைக் கோழிக்குப் போட மாட்டேன் என்று மறுத்து மலிவான அரிசிக்கு மாறியதும் எழுந்து நடந்தன. ஐக்மன் என்ன நினைத்தார்? மாவுச்சத்தில் ஏதோ நஞ்சு, தவிட்டில் அதற்கு முறிவு. 1901-ல் அவருக்குப் பின் வந்த கெரிட் கிரைன்ஸ்தான், இங்கே நஞ்சு எதுவும் இல்லை, உடம்புக்கு வேண்டிய ஏதோ ஒன்று வெள்ளை அரிசியில் இல்லை என்று திருப்பிப் போட்டார்.

இருப்பதைத் தேடுவது எளிது. இல்லாததைத் தேடுவது எப்படி? நுண்ணோக்கியில் கிருமி தெரியும், குறைபாடு தெரியாது. மருத்துவ உலகத்துக்கு அந்தத் திருப்பம் உறைக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆனது.

சரி, பிளெட்சருக்கு வருவோம். அவர் செய்தது என்ன? கட்டிக் கிடந்த வேறுபாடுகளை அவிழ்த்தார். ஒற்றை, இரட்டை என்று எண்ணும்போது நிற்பவர் சீனரா, மலாய்க்காரரா, தமிழரா என்று கேட்பதில்லை. கிழவரா, வாலிபரா என்றும் கேட்பதில்லை. அந்த வேறுபாடுகள் எல்லாம் ஏறக்குறைய சமமாக இரண்டு பக்கமும் சிதறிவிடும். அப்புறம் கட்டடம் ஒன்றே, சாப்பாடு ஒன்றே. மிஞ்சியது அரிசி. அக்கா மகளின் மொழியில் சொன்னால் அரிசி தற்சார்பு மாறி, நோய் சார்பு மாறி, மற்றதெல்லாம் கட்டுப்படுத்தப்பட்ட மாறி. இந்த மூன்று சொல்லையும் வரிசையில் நின்ற அந்த மனிதர்களோடு சேர்த்துச் சொன்னபோதுதான் அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

இன்றைய அளவுகோலில் இதில் ஓட்டைகள் உண்டு. ஒற்றை இரட்டை என்பது உண்மையான குலுக்கல் ஆகாது. அடுத்து வருபவர் எந்தப் பக்கம் போவார் என்று வாசலில் நிற்பவருக்குத் தெரியும், வேண்டுமென்றால் வரிசையை மாற்றலாம். அந்த ஓட்டையைக் குலுக்கல் எண்களால் அடைத்த பிரிட்டனின் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்தின் சோதனை 1948-ல்தான் வெளிவந்தது. இன்னொரு ஓட்டை பெரியது, அதற்குப் புள்ளியியலில் மருந்தில்லை. அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க முடியாது. சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை, கேட்கும் வழக்கமும் அன்று இல்லை. கிழக்குப் பக்கத்தாருக்குப் புதிதாக எதையும் கொடுக்கவில்லை, ஏற்கெனவே தின்ற அரிசியைத்தானே கொடுத்தார் என்று பிளெட்சர் சார்பில் வாதாடலாம். ஆனால் மாதம் செல்லச் செல்ல முற்றத்தின் ஒரு பக்கம் பிணம் விழுவதும் மறு பக்கம் விழாததும் கண்ணுக்குத் தெரிந்திருக்குமே. இன்றானால் நெறிமுறைக் குழு பாதியில் நிறுத்தி எல்லாருக்கும் புழுங்கல் போடச் சொல்லியிருக்கும். பிளெட்சரை நான் பாராட்டும்போதெல்லாம் அந்த 18 என்ற எண் குறுக்கே வந்து நிற்கிறது.

அப்போதும் தொற்றுக் கட்சிக்காரர்கள் விடவில்லை. பழைய கட்டடம், ஏதாவது சுவரில் ஒட்டியிருக்கும் என்றார்கள். அடுத்த படியை எடுத்து வைத்தது கோலாலம்பூரின் மருத்துவ ஆய்வுக் கழகம். 1900-ல் தொடங்கிய நிறுவனம் அது. அதன் பழைய வளாகம் ஜாலான் பகாங்கில் இருக்கிறது. செந்தூலிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போகிறோம், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதன் இயக்குநர் ஹென்றி ஃபிரேசரும் தாமஸ் ஸ்டாண்டனும் 1907-ல் சாலை போடும் ஜாவானியத் தொழிலாளர்கள் 300 பேரோடு நெகிரி செம்பிலானின் ஜெலுபு காட்டுக்குப் போனார்கள். யாரும் குடியிருந்திராத காடு, புதிதாகக் கட்டிய குடிசைகள். பழைய சுவரும் இல்லை, பழைய கிருமியும் இல்லை. ஒரு குழுவுக்குத் தீட்டிய பச்சரிசி, மறு குழுவுக்குப் புழுங்கல். ஏறக்குறைய மூன்று மாதத்தில் பச்சரிசிக் குழுவில் பெரிபெரி தலைகாட்டியது.

பிறகு அரிசியை மாற்றிப் போட்டார்கள். நோய் வந்த குழு புழுங்கலுக்கு மாறியதும் புதிதாக யாருக்கும் நோய் வரவில்லை. புழுங்கல் தின்று நன்றாக இருந்தவர்கள் பச்சரிசிக்கு மாறிய பிறகு நோயில் விழுந்தார்கள். இந்த மாற்றிப் போடுதல்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். இரண்டு குழுக்களை ஒப்பிட்டால் அவற்றிடையே நமக்குத் தெரியாத வேறுபாடு ஏதாவது ஒளிந்திருக்கலாம். அதே குழுவை அதனோடேயே ஒப்பிட்டால் ஒளிய இடமில்லை.

குற்றவாளி அரிசிதான் என்று ஆகிவிட்டது. அரிசியில் எது? இங்கேதான் நான்காம் அத்தியாயம் திறக்கிறது.

ஒரு நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே உமி. அதை நீக்கினால் பழுப்பாகத் தவிட்டுத் தோல். ஒரு முனையில் சின்னதாக முளை. நடுவில் வெள்ளைப் பருக்கை. உயிரின் வேதியியல் என்று புத்தகம் நான்கு பெட்டி போட்டுக் காட்டும் மாவுப்பொருள், புரதம், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம் நான்கும் இதற்குள் இருக்கின்றன. பெரும்பகுதி கரிமம், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் என்ற நான்கு தனிமங்களால் ஆனவை. நம் உடம்பின் எடையிலும் இந்த நான்கே ஏறக்குறைய 96 விழுக்காடு. மிச்சமுள்ள கொஞ்சத்தில் பாஸ்பரஸும் கந்தகமும் இருக்கின்றன. இந்தக் கதையில் இரண்டுக்குமே வேலை இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

வெள்ளைப் பருக்கை என்பது பெரும்பாலும் மாவுச்சத்து. குளுக்கோஸ் மூலக்கூறுகள் கைகோத்து நின்ற நீண்ட சங்கிலி. ஒவ்வொரு கைகோப்புக்கும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். சங்கிலியை அறுக்க வேண்டுமானால் அதே நீரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சோற்றை விழுங்காமல் கொஞ்ச நேரம் மென்றுகொண்டே இருந்தால் இனிக்கத் தொடங்குகிறதே, அது உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி சங்கிலியை அறுக்கும் சுவை. நொதி என்பது புரதம். புரதம் என்பது அமினோ அமிலங்களின் சங்கிலி, குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்து கிடப்பது. மடிப்பு குலைந்தால் வேலையும் குலையும். புத்தகத்தில் இதற்குப் பத்துப் பக்கம் இருக்கிறது, நான் இதோடு விடுகிறேன்.

கொழுப்பு இருப்பது தவிட்டிலும் முளையிலும். ஆலைக்காரர்கள் அரிசியைத் தீட்டியதற்கு வெள்ளை நிறத்தின் மேலிருந்த மோகம் மட்டும் காரணமல்ல. தவிட்டெண்ணெய் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும், காறல் வாடை வரும். பழுப்பரிசியைக் கப்பலில் ஏற்றி மாதக்கணக்கில் கிடங்கில் போட்டால் விற்க முடியாது. தீட்டினால் கெடாது. கப்பலுக்கும் வியாபாரத்துக்கும் ஏற்ற அரிசியை ஆலை தயாரித்தது. தவிட்டோடு வேறொன்றும் போய்விடுகிறது என்று யாருக்கும் தெரியாது.

அந்த வேறொன்றுக்கு இன்றைய பெயர் தயமின், வைட்டமின் பி1. நீரில் நன்றாகக் கரையும். தவிட்டிலும் முளையிலும்தான் மிகுதி, நடுப் பருக்கையில் சொற்பம். பச்சை நெல்லைத் தீட்டினால் குப்பைக் கூடைக்கு, இல்லை மாட்டுத் தொட்டிக்குப் போய்விடும்.

நெல் அவிப்பதில் என்ன நடக்கிறது? முதலில் நெல்லை உமியோடு ஊற வைக்கிறோம். நீர் உள்ளே இறங்குகிறது. நீரின் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் எதிர்மின்னும் ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர்மின்னும் இருப்பதால், மின்னேற்றம் கொண்ட தயமினைச் சூழ்ந்து தன்னோடு இழுத்துக்கொள்ளும். வெளித்தோலில் இருந்த தயமின் இப்படி நீரோடு பருக்கைக்குள் நகர்கிறது. அடுத்து ஆவியில் அவிக்கிறோம். மாவுச்சத்தின் இறுக்கமான அடுக்கை ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. சூட்டில் அவை தளர்ந்து, நீர் புகுந்து, மாவு கூழாகிறது. பிறகு காய வைத்தால் கண்ணாடி போல் இறுகுகிறது. உள்ளே வந்த தயமின் அதற்குள் மாட்டிக்கொள்கிறது. இனி ஆலையில் தீட்டினாலும் முழுவதும் போகாது. பாட்டிமார் நெல் அவித்த அண்டாவுக்குள் கரைதல், பரவல், கூழாதல் என்று மூன்று பாடம் நடந்திருக்கிறது.

அளவைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ரகத்துக்கு ரகம் மாறும் என்றாலும், இன்றைய உணவு அட்டவணைகளின்படி 100 கிராம் தீட்டிய வெள்ளைப் பச்சரிசியில் சுமார் 0.07 மில்லிகிராம் தயமின். புழுங்கலில் சுமார் 0.2. தவிடு நீக்காததில் 0.4 அல்லது அதற்கு மேல். ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை 1.2 மில்லிகிராம், பெண்ணுக்கு 1.1. உடல் உழைப்பாளி ஒருவர் நாளுக்கு 600 கிராம் அரிசி உண்கிறார், வேறு கறிவகை பேருக்குத்தான் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளையில் அவருக்குக் கிடைப்பது 0.42. புழுங்கலில் 1.2. கழுவுவதிலும் வடிப்பதிலும் கொஞ்சம் போனாலும், கூட ஒரு கை பருப்பு இருந்தால் தப்பித்துக்கொள்ளலாம். சாவுக்கும் பிழைப்புக்கும் நடுவே ஒரு மில்லிகிராம்கூட இல்லை. உடம்பிலும் சேமிப்பு அதிகமில்லை, மொத்தமே சுமார் 25 முதல் 30 மில்லிகிராம்தான்.

இவ்வளவு சின்ன அளவு எப்படி ஆளைக் கொல்லும்? தயமின் எரிபொருள் அல்ல, அதனால்தான். சோற்றிலிருந்து வந்த குளுக்கோஸை உயிரணு முதலில் பைருவேட் என்ற பொருளாக உடைக்கிறது. அங்கிருந்து மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அடுத்த படிக்குப் போக ஒரு நொதி வேண்டும். அந்த நொதி தனியாக வேலை செய்யாது, தயமின் பக்கத்தில் நிற்க வேண்டும். தயமினோடு இரண்டு பாஸ்பேட் சேர்ந்த வடிவம்தான் அந்தத் துணை. அது இல்லையென்றால் வாசலில் பைருவேட் குவிந்துகொண்டே போகும், உள்ளே அடுப்பு எரியாது. ஆற்றல் மிகுதியாகத் தேவைப்படுவது எவற்றுக்கு? ஓயாமல் துடிக்கும் இதயத்துக்கும், ஓயாமல் செய்தி கடத்தும் நரம்புக்கும். பெரிபெரி தாக்கியது சரியாக இந்த இரண்டைத்தான். சோறு அதிகம் தின்னத் தின்ன வாசலில் கூட்டம் அதிகம், அதனால் தயமின் தேவையும் அதிகம். வயிறு நிறையச் சோறு தின்றவர்கள் செத்ததன் விடை ஏழாம் அத்தியாயத்தில், உயிரணுச் சுவாசத்தில் இருக்கிறது.

இதெல்லாம் ஃபிரேசருக்கும் ஸ்டாண்டனுக்கும் தெரியாது. அவர்களிடம் பெயரும் இல்லை, அளக்க வழியும் இல்லை. அவர்கள் செய்தது கெட்டிக்காரத்தனம். தவிட்டில் இருக்கும் எதையாவது அளக்க முடியுமா என்று பார்த்தார்கள். பாஸ்பரஸை அளக்க முடிந்தது. அதைப் பாஸ்பரஸ் பென்டாக்சைடாகக் கணக்கிட்டு, 0.4 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் அரிசி ஆபத்தானது என்று ஒரு கோடு போட்டார்கள். பாஸ்பரஸ் மருந்து என்று அவர்கள் சொல்லவில்லை. பாஸ்பரஸ் குறைந்தால் தவிடு போய்விட்டது என்று பொருள். தவிடு போனால் அந்தப் பெயரில்லாப் பொருளும் போயிருக்கும். அதைக் கோழிகளிலும் சோதித்தார்கள். வெள்ளை அரிசி தின்ற கோழிகள் விழுந்தன. தவிட்டைச் சாராயத்தில் ஊறவைத்து இறக்கிய சாறு அவற்றைக் காத்தது. 1910-ல் மணிலாவில் கூடிய வெப்பமண்டல மருத்துவர்களின் மாநாடு, தீட்டிய அரிசிக்கும் பெரிபெரிக்கும் தொடர்பு உண்டு என்று ஏற்றுக்கொண்டது.

மற்றது வேகமாக நடந்தது. 1912-ல் கசிமிர் ஃபங்க் ‘வைட்டமின்’ என்ற சொல்லைப் படைத்தார். 1926-ல் பத்தாவியாவில் யான்சனும் டோனாட்டும் தவிட்டிலிருந்து அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். ஆனால் அதில் ஒரு கந்தக அணு இருப்பதைக் கவனிக்காமல் விட்டார்கள், பிறகு மற்றவர்கள் கண்டுபிடித்தார்கள். தயமின் என்ற பெயரின் முன்பாதி கந்தகத்தைக் குறிப்பது; முதலில் தவறவிட்டதையே கடைசியில் பெயராக வைத்தாயிற்று. 1929-ல் ஐக்மனுக்கு நோபல் பரிசு. 1936-ல் அதன் முழு அமைப்பையும் கண்டு ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர். மிஷனரிப் பெற்றோருக்கு அவர் பிறந்தது நெல்லூரில். பெயரிலேயே நெல் இருக்கும் ஊர்! தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தற்செயல் என்றதும் இன்னொன்று. இந்தக் கதையைச் சொன்னால் உடனே வாட்ஸ்அப்பில் அடுத்த வடிவம் கிளம்பும்: ‘வைட்டமினை அன்றே அறிந்த தமிழன்’. அறியவில்லை. நெல்லை அவித்தால் குத்தும்போது அரிசி நொறுங்காது, உமி எளிதில் கழலும், பூச்சி சீக்கிரம் பிடிக்காது. அதற்காக அவித்தார்கள். அந்தக் காரணங்களே போதுமான அறிவு; இல்லாத ஒன்றை அதன் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. பெரிபெரி தீண்டாததால் நம்மாட்கள் இங்கே நலமாக வாழ்ந்தார்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். பெரிபெரி விட்டுவைத்தவர்களை ரப்பர்த் தோட்டங்களில் மலேரியா விட்டுவைக்கவில்லை. பிராடனின் கணக்கில் ‘பெரிபெரி இல்லை’ என்ற பத்தியில் வந்த தமிழர்கள் வேறு பத்திகளில் ஏராளமாக இருந்தார்கள்.

அக்கா மகளுக்கு இதெல்லாம் முடிந்தபின் ஒரு கேள்வி வந்தது. அம்மா அப்போது தோசைக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தார். “பாட்டி, எத்தன தடவ கழுவுவீங்க?” என்றாள். “தண்ணி தெளியிற வரைக்கும்.” “அப்போ பி1 எல்லாம் போயிடும்ல?” அம்மா என்னைப் பார்த்து முறைத்தார்.

தயமினை அளக்க நல்ல வழி ஒன்று உண்டு. காரக் கரைசலில் பொட்டாசியம் ஃபெரிசயனைடோடு வினைபுரிய விட்டால் அது தயோகுரோம் ஆகி, புற ஊதா ஒளியில் நீலமாக மினுங்கும். செந்தூல் சமையலறையில் அதற்கு இடமில்லை. வீட்டில் புண்ணுக்குப் போடும் பொவிடோன் அயோடின் இருந்தது. (மஞ்சள் மருந்து அல்ல, அது அக்ரிஃபிளேவின், அதை வைத்து ஒன்றும் தெரியாது.) மூன்று கண்ணாடி டம்ளரில் முதல், இரண்டாம், மூன்றாம் கழுநீரை ஒரே அளவு ஊற்றி, ஒவ்வொன்றிலும் மூன்று சொட்டு விட்டாள். முதலாவது கருநீலம். இரண்டாவது கொஞ்சம் வெளுப்பு. மூன்றாவதில் நீலம் இருந்தும் இல்லாத மாதிரி. மாவுச்சத்துச் சங்கிலி சுருள் சுருளாக இருக்கிறது, அயோடின் அந்தச் சுருளுக்குள் போய் உட்காரும்போதுதான் அந்த நிறம் என்று சொன்னேன்.

“அப்போ முதல் தண்ணியிலயே பி1-உம் நிறைய போயிருக்கு.”

“நீ அளந்தது மாவு. மாவு போற அளவுக்குத்தான் பி1-உம் போகுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

கொஞ்ச நேரம் டம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவங்க பாஸ்பரஸ அளந்தாங்கல்ல?”

“அளந்தாங்க. அப்புறம் கோழிக்குப் போட்டும் பார்த்தாங்க.”

“நம்மகிட்ட கோழி இல்லையே சித்தி” என்றாள். அம்மா டம்ளரில் கறை பிடித்துவிடும், எடுத்துக் கழுவு என்றார்.